வாக்கினால் தீருமோ இவ்வழக்கு?

2024ஆம் ஆண்டு நவம்பர் மாதத்திலே பதினோராம் வகுப்பிற் குடியியற் பாடம் நடாத்திக்கொண்டிருந்தபோது மாணவி ஒருத்தி எழுந்து ஒரு வினா விடுத்தாள். "ஐயா, அமெரிக்காவிலே பத்து மாகாணத்தார் கருக்கலைப்பைப் பற்றி வாக்களித்தார்கள் என்று பத்திரிகையிற் கண்டேன். ஒரு தாயின் வயிற்றில் உள்ளதைப் பற்றி ஊரார் வாக்குப் போட்டுத் தீர்க்கலாமோ?" என்றாள். பெரும்பான்மையோர் கருத்தே சட்டமாதல் குடியாட்சியின் இலக்கணம் என்று அப்பொழுதுதான் கரும்பலகையில் எழுதி முடித்திருந்தேன். அவ்வரியை ஒருமுறை திரும்பிப் பார்த்தேன். "இரும் பிள்ளை, பிறகு சொல்லுகிறேன்" என்று கூறிப் பாடத்தை மேலே நடாத்தினேன். ஏறக்குறைய முப்பதாண்டு ஆசிரியத் தொழிலில் எனக்கு வெட்கந் தந்த செயல்களுள் அதுவும் ஒன்று. அவ்வெட்கமே இக்கட்டுரையை எழுதுவித்தது.

முதற்கண் என் சார்பு இன்னதென வெளிப்படுத்தல் முறையாம். கருவழித்தலைத் தரும நூல்கள் பெரும்பாவங்களுள் வைத்து எண்ணும். மாணிக்கவாசக சுவாமிகள் போற்றித் திருவகவலிலே, தாயின் வயிற்றில் உயிர்க்கு மாதந்தோறும் நேரும் இடர்களை ஒவ்வொன்றாக எண்ணிச் செல்வர். அந்நெறியிலே வளர்ந்த எனக்குக் கருவை வெறுந் தசையென எண்ண இயலாது. ஆயினும் ஈண்டு யாம் ஆராயப்புகுவது கருக்கலைப்புப் பாவமோ அன்றோ என்பதன்று. அதனைச் சட்டம் விலக்குவதா விடுவதா என்பதை மாகாணந்தோறும் வாக்காளர் தீர்த்தல் தகுமோ என்பதே வினா. இவ்விரண்டனையும் ஒன்றெனக் கொண்டு மயங்குவார் பலர். எனக்குப் பாவமெனத் தோன்றுவது யாவர்க்குங் குற்றமாக விதிக்கப்படல் வேண்டும் எனத் துணிதற்கு முன்னர்க் கடக்கவேண்டிய படிகள் பல உள. எம் தேசத்திலே 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவை, தாயின் உயிரைக் காத்தற் பொருட்டன்றிக் கருச்சிதைத்தல் குற்றம் என விதித்தது. அதனை இயற்றுங்கால் எம் பூட்டிமாரை ஒருவருங் கேட்டிலர் என்பதையும் நினைவிற் கொள்க.

இனி அமெரிக்க வரலாற்றைச் சுருங்கக் கூறுவாம். 1973ஆம் ஆண்டு ஜனவரி 22ஆந் திகதி, ரெக்சஸ் மாகாணத்திலிருந்து வந்த ரோ என்னும் வழக்கிலே, அந்நாட்டு உயர் நீதிமன்றம் கருக்கலைப்பை ஒரு பெண்ணின் அரசியலமைப்பு உரிமையெனத் தீர்ப்பளித்தது. எழுவர் ஒருபுறம், இருவர் மறுபுறம். 1992ஆம் ஆண்டிலே பென்சில்வேனியா வழக்கொன்றில் அவ்வுரிமை சில கட்டுப்பாடுகளுடன் நிலைநிறுத்தப்பட்டது. நாற்பத்தொன்பது ஆண்டு கழித்து 2022ஆம் ஆண்டு ஜூன் 24ஆந் திகதி, மிசிசிப்பி மாகாணத்தின் பதினைந்து வாரச் சட்டம் பற்றிய டொப்ஸ் வழக்கிலே, நீதிபதிகள் ஐவர் அத்தீர்ப்பை முற்றாகத் தள்ளி, இவ்விஷயத்தை மக்களிடமும் அவர்தம் பிரதிநிதிகளிடமும் ஒப்புவித்தனர்.

ஈண்டுக் கருதற்பாலது ஒன்றுளது. உயிர் எப்பொழுது தொடங்குகின்றது என்னுங் கடினமான வினாவைத் தாம் தீர்க்க வேண்டுவதில்லையென 1973இல் நீதிபதிகள் கூறினர். பிறவாத உயிர்க்கு உரிமையுண்டோ என்பது பற்றிய எக்கொள்கையின் மேலும் தம் தீர்ப்பு நிற்கவில்லையென 2022இல் நீதிபதிகள் கூறினர். மாறுபட்ட இரு தீர்ப்பும் மூல வினாவைத் தொடாது விலகிய வகையில் ஒத்தன. அறிஞர் ஒன்பதின்மர் தொட அஞ்சிய வினா, சந்தைக்குப் போகும் வழியிலே வாக்குச் சாவடியில் நுழைந்து திரும்பும் குடியானவனிடம் வந்து சேர்ந்தது.

அவன் யாது செய்தான்? 2022ஆம் ஆண்டு ஆகஸ்ட் 2ஆந் திகதி கான்சாஸ் மாகாணத்தில் ஒன்பது இலட்சத்துக்கு மேற்பட்டோர் வாக்களித்தனர். சமயப்பற்றும் பழைமைப்பற்றும் மிக்க மாகாணம் அது. மாகாண அரசியலமைப்பிலே அவ்வுரிமை இல்லையென எழுதுவிக்க முயன்ற திருத்தத்தை நூற்றுக்கு ஐம்பத்தொன்பதின்மர் தள்ளினர். அவ்வாண்டு நவம்பரிலே கென்ரக்கியுந் தள்ளியது. மிச்சிகன், கலிபோர்னியா, வெர்மொண்ட் மாகாணங்கள் உரிமையைத் தம் அரசியலமைப்பிலே சேர்த்துக்கொண்டன. 2024இற் பத்து மாகாணத்தில் ஏழு உரிமைப் பக்கம் நின்றன. தென் டக்கோட்டா மறுத்தது. நெபிராஸ்கா ஒரே நாளில் ஒன்றுக்கொன்று எதிரான இரு திருத்தங்களை எதிர்கொண்டு, கட்டுப்பாட்டை விதிப்பதை ஏற்றது. புளோரிடாவின் கதை தனியே கூறற்குரியது, பின்னர்க் கூறுவாம்.

மிச்சிகன் மாகாணத்தை மாத்திரம் சற்று நின்று நோக்குக. அம்மாகாணத்தார் 1972ஆம் ஆண்டிலும் இதே விஷயத்தில் வாக்களித்தவர். கருக்கலைப்பை அனுமதிக்கும் பிரேரணையை அன்று நூற்றுக்கு அறுபத்தொருவர் தள்ளினர். சரியாக ஐம்பதாண்டு கழித்து நூற்றுக்கு ஐம்பத்தேழுக்குச் சிறிது குறைவானோர் அதனை உரிமையென ஏற்றனர். 1972இற் பாவமாயிருந்தது 2022இல் நியாயமாயிற்றோ? கருப்பையின் இயல்பு மாறிற்றோ? மாறியவர் வாக்காளர். ஆதலின் வாக்கெடுப்பு எமக்கு அறிவிப்பது, இன்ன காலத்து இன்ன மாகாணத்தார் எச்சட்டத்தின் கீழ் வாழ இசைவர் என்பதனையே. எது நியாயம் என்பதை அறிவிக்கும் ஆற்றல் அதற்கில்லை.

யான் கிறிஸ்தவ மிஷன் பாடசாலையொன்றிற் பயின்ற காலத்துக் கணித உபாத்தியாயர் ஒருவர் இருந்தார். பின்னக் கணக்கொன்றின் விடையில் வகுப்பு இரண்டுபட்டபோது, எவ்விடை சரியெனக் கைதூக்கச் சொன்னார். இருபத்துமூவர் ஒரு விடைக்கும் எழுவர் மற்றதற்குங் கைதூக்கினோம். யான் இருபத்துமூவருள் ஒருவன். உபாத்தியாயர் ஒன்றுஞ் சொல்லாது கணக்கைச் செய்து காட்டினார். எழுவர் விடையே சரி. மறுநாள் விளையாட்டுக் குழுவுக்குத் தலைவனைத் தெரிதற்கும் அவரே கைதூக்கச் சொன்னார். அங்கே எண்ணிக்கைக்கு மேலே செய்து காட்டத்தக்க கணக்கு யாதும் இல்லை. எமது வினாவின் முடிச்சு இதுவே: கருக்கலைப்புச் சட்டம் பின்னக் கணக்கின் இனமோ, தலைவனைத் தெரிதலின் இனமோ?

கணக்கின் இனம் என்பார் இரு கட்சியினர். ஒருவருக்கொருவர் பரம வைரிகளாயினும் இவ்வொன்றில் ஒத்த கருத்தினர். கருவும் மனிதவுயிரே, ஆதலின் அதனைக் கொல்லும் உரிமையை எப்பெரும்பான்மையும் வழங்கலாகாது என்பது ஒரு கட்சி. தன் உடலை ஆளும் உரிமை பெண்ணுக்குப் பிறப்புரிமை, ஆதலின் அதனை எப்பெரும்பான்மையும் பறிக்கலாகாது என்பது மற்றைக் கட்சி. வாக்கெடுப்பிலே வென்றபோது மக்கள் தீர்ப்பே மகேசன் தீர்ப்பு என்பதும், தோற்றபோது உரிமை வாக்குக்கு உட்பட்டதன்று என்பதும் இரு கட்சியாரிடத்துங் காணப்படும் வழக்கமாம். எம் ஊர்ச் சபைத் தேர்தல்களிலும் யாம் கண்டதே.

இவ்விரு கட்சியாரும் தத்தமக்குச் சான்றாக அழைப்பது ஆபிரகாம் லிங்கனை. அக்கதை அறியத்தக்கது. 1854ஆம் ஆண்டு இல்லினோய் மாகாணத்துச் செனேற்றர் ஸ்ரீவன் டக்ளஸ் என்பவர் கான்சாஸ்–நெபிராஸ்காச் சட்டத்தை நிறைவேற்றுவித்தார். புதிய பிரதேசங்களில் அடிமைமுறை வேண்டுமோ வேண்டாவோ என்பதை அவ்வப் பிரதேசத்தாரே வாக்கினாற் தீர்த்துக்கொள்க என்பது அதன் சாரம். கேட்போர்க்கு இனிய கொள்கை. விளைந்ததோ வேறு. 1855ஆம் ஆண்டு கான்சாசில் வாக்குரிமையுடையோர் 2,905 பேர். விழுந்த வாக்குகளோ ஆறாயிரத்துக்கு மேல். அயல் மாகாணமாகிய மிசூரியிலிருந்து எல்லை கடந்து வந்தவர் ஆயுதத்துடன் வந்து வாக்களித்துப் போயினர். அப்பிரதேசம் இரத்தக் களரியாயிற்று. லிங்கன் 1854இலும், டக்ளசுடன் 1858இல் நிகழ்த்திய ஏழு விவாதங்களிலும் கூறிய மறுப்பின் கருத்து இது: ஒருவன் தன்னைத் தான் ஆளுதல் சுயாட்சி, தன்னையும் ஆண்டு பிறனொருவனையும் அவன் இசைவின்றி ஆளுதல் கொடுங்கோன்மை, கறுப்பு மனிதன் மனிதனேயாயின் அவனை அடிமையாக்குதற்கு வாக்களிக்க எவர்க்கும் உரிமையில்லை.

இதனை இன்றைய வழக்கிற் பொருத்துக. கருவே அக்கறுப்பு மனிதனை ஒத்தது என்கின்றது ஒரு கட்சி. பிறர் வாக்கினால் ஆளப்படும் பெண்ணே அவனை ஒத்தவள் என்கின்றது மற்றது. லிங்கனின் நியாயம் இரு கையிலும் பொருந்தும் வாள். என்னையெனின், அடிமை மனிதனே என்பதை அறிதற்கு அவன் முகத்தை நோக்குதல் போதும். மறுத்தோர் தம் ஊதியத்தின் பொருட்டு மறுத்தனர். ஆறு வாரக் கருவைப் பற்றியோ, ஊதியம் ஒன்றுங் கருதாத நல்லோரே வேறுபடுகின்றனர். அந்நாட்டுச் சமயத்தாருள்ளும் ஒருமைப்பாடில்லை. பின்னக் கணக்கைச் செய்து காட்ட உபாத்தியாயர் இருந்தார். இக்கணக்கை யாவரும் இசையுமாறு செய்து காட்டுவார் எவரும் இன்னும் வந்திலர்.

அற்றேல் நீதிமன்றமே தீர்க்க என்பாருமுளர். அவர் கூற்றிலும் உண்மையுண்டு. எம்போலும் ஆசிரியர்க்கு இனிதாய் விளங்கும் உதாரணம் ஒன்று காட்டுவாம். யெகோவாவின் சாட்சிகள் என்னுஞ் சிறு சமயத்தாரின் பிள்ளைகள், தம் மனச்சாட்சிக்கு விரோதமெனப் பாடசாலையிற் கொடிக்கு வணக்கஞ் செய்ய மறுத்தனர். 1940ஆம் ஆண்டிலே உயர் நீதிமன்றம் எண்மர்க்கு ஒருவராக அவர்களுக்கு எதிரே தீர்ப்பளித்தது. மூன்றாண்டுள் மனமாறி, 1943ஆம் ஆண்டு மேற்கு வர்ஜீனியா வழக்கிலே, அப்பிள்ளைகளை வற்புறுத்தலாகாதென அறுவர் தீர்ப்பளித்தனர். தீர்ப்பெழுதிய நீதிபதி ஜாக்சன், அடிப்படை உரிமைகள் தேர்தலின் முடிபைப் பற்றி நிற்பனவல்ல என வற்புறுத்தினார். தன் சமயத்துக்கு மாறான வணக்கத்தின்போது வகுப்பிலே தலைகுனிந்து நின்ற பிள்ளையின் நிலையை யான் அறிவேன். அத்தீர்ப்பை வாசித்தபோது நெஞ்சு நெகிழ்ந்தது.

எமக்கு இது அயலார் செய்தி மாத்திரமன்று. சோல்பரி அரசியலமைப்பின் 29ஆம் பிரிவு, ஒரு சமூகத்தாரை மாத்திரம் இடர்ப்படுத்துஞ் சட்டத்தைப் பாராளுமன்றம் இயற்றலாகாதென விலக்கியிருந்தது. 1956இல் அரசகரும மொழிச் சட்டம் பெரும்பான்மை வாக்கினாலேயே நிறைவேறிற்று. 1972ஆம் ஆண்டு அரசியலமைப்பிலே அவ்விலக்குத்தானும் இல்லாதொழிந்தது. பெரும்பான்மையின் கைக்கு எட்டாத சில இருத்தல் வேண்டும் என்பதை யாழ்ப்பாணத்தாருக்கு எவருங் கற்பிக்க வேண்டுவதில்லை.

ஆயினும் நீதிமன்றமும் வாக்கினாலேயே தீர்க்கின்றது என்பதை மறத்தலாகாது. எழுவர்க்கு இருவர், ஐவர்க்கு நால்வர்: இவையும் கைதூக்கலே. கோடி கைகளுக்குப் பதிலாக ஒன்பது கைகள். கொடி வணக்க வழக்கிலே அப்பிள்ளைகள் விடுபட்டதனால் வேறெவரும் ஒன்றையும் இழந்திலர். ஆதலின் அத்தீர்ப்பு நின்றது. கருக்கலைப்பு வழக்கிலே ஒரு பக்கம் பெண்ணின் உடலும் வாழ்வும், மறுபக்கம் உயிரென ஒரு சாரார் நம்பும் ஒன்றும் இருத்தலின், நாற்பத்தொன்பதாண்டு நின்ற தீர்ப்பும் தோற்ற கட்சியின் மனத்தை ஒருநாளும் ஆற்றவில்லை. தோற்றவர் நீதிபதிகளை மாற்றும் பணியிலே இரண்டு தலைமுறையைச் செலவிட்டனர், வென்றனர்.

ஆகலின் என் முடிபு வருமாறு. எத்தனை வாரம், எந்நிலையில், எவ்வைத்தியர் கையால், எச்செலவில் என்பன போலும் நல்லோர் வேறுபடும் எல்லைகளை வாக்காளர் தீர்த்தல் தகும். தகுமென்பது அவர் பிழையாமாட்டார் என்பதனாலன்று; பிழைத்தால் திருத்த வல்லார் அவரே என்பதனால். ஆனால் இரண்டனை வாக்குக்கு விடலாகாது. தாயின் உயிர் ஆபத்திலிருக்கும்போது அவளைக் காத்தல் ஒன்று. விரும்பாத பெண்ணைக் கருக்கலைக்கவோ, மனச்சாட்சி மறுக்கும் வைத்தியரைக் கலைப்பிக்கவோ வற்புறுத்தாமை மற்றொன்று. முன்னையதை எல்லாரும் இசைவரே, இதற்கு விலக்கெதற்கு என வினவலாம். ரெக்சஸ் மாகாணத்தாரும் தாயின் உயிர்க்கு விதிவிலக்கு வைத்துத்தான் சட்டம் இயற்றினர். எவ்வளவு ஆபத்து வந்தபின் கைவைக்கலாம் என்று தெரியாது வைத்தியர் சிறைக்கு அஞ்சித் தயங்கியமையால், 2025ஆம் ஆண்டிலே அவ்வாசகத்தைத் திருத்தி விளக்க நேர்ந்தது. இடைப்பட்ட காலத்து அத்தயக்கத்தின் பாரத்தைச் சுமந்தவர் நோயுற்ற தாய்மார். அம்மாகாணத்திலே குடிமக்கள் கையொப்பந் திரட்டி ஒரு சட்டத்தை நேரே வாக்குக்கு விடும் முறையும் இல்லை. ஆகவே மக்களிடம் ஒப்புவித்தோம் என்ற சொல் அங்கே சட்டசபையாரிடம் ஒப்புவித்தோம் என்பதாய் முடிந்தது.

மாகாணந்தோறும் தீர்த்தலில் வேறொரு குறையும் உளது. இதனை வாக்கெடுப்பை விரும்புவோர் எளிதாய்க் கடந்து செல்வர். மிசூரியிலே தடையிருந்தபோது வசதியுள்ள பெண் ஆற்றைக் கடந்து இல்லினோய்க்குச் சென்றாள். கூலிவேலை செய்யும் பெண் விடுமுறையின்றி, வண்டிச் செலவுக்குப் பணமின்றி, வீட்டிலுள்ள பிள்ளைகளை நோக்க ஆளின்றி நின்றாள். எனவே மாகாணத் தடையின் வலிமை பெரும்பாலும் ஏழையின் மேலேயே தங்குகின்றது. தடையை நியாயமென்பாரும் இதனை நியாயமென்னார். அவ்வாக்கெடுப்பிலே அப்பெண்ணின் வாக்கு இலட்சக்கணக்கானவற்றுள் ஒன்று. கருவுக்கோ வாக்கே இல்லை. வழக்கின் இரு கட்சிக்காரரும் ஏறக்குறையப் பேசாதிருக்க, கேட்டிருந்தோரே தீர்ப்பளிக்கும் விசித்திர வழக்கு இது.

இனி, வாக்கெடுப்பு எனின் அதன் முறை செவ்விதாதல் வேண்டும். ஒகாயோ மாகாணத்துச் சட்டசபையார், ஆகஸ்ட் மாதத் தேர்தல்கள் பெரும்பாலும் வீண் செலவென 2023ஆம் ஆண்டுத் தொடக்கத்திலே அவற்றை நீக்கிவிட்டு, அவ்வாண்டு ஆகஸ்ட் மாதத்திலேயே ஒரு வாக்கெடுப்பை வைத்தனர். அரசியலமைப்புத் திருத்தத்துக்கு நூற்றுக்கு அறுபது வேண்டும் என விதிப்பதே அதன் நோக்கம்; நவம்பரிலே கருக்கலைப்புத் திருத்தம் வரவிருந்தது. மக்கள் அதனை அறிந்து தள்ளினர். நவம்பரில் வந்த திருத்தம் ஐம்பத்தேழு அளவிலே வென்றது. ஆட்டத்தின் நடுவிலே கோல்கம்பத்தை நகர்த்தினாற் பள்ளிப் பிள்ளைகளும் கூச்சலிடுவர். புளோரிடாவிலோ அறுபது என்னும் விதி முன்னரே இருந்தது. ஆதலின் 2024இல் ஐம்பத்தேழு பெற்றுந் திருத்தந் தோற்றது. ஆறு வாரத் தடை நின்றது. முன்னரே அறிவித்த விதியாதலால் அதனை அநீதியென்னேன். ஆயினும் அவ்வறுபது விதியே 2006ஆம் ஆண்டிலே ஐம்பத்தெட்டு அளவான வாக்கினால் நிறைவேறியது என்பதை வாசித்தபோது சிரிப்பு வந்ததை மறைத்தற்கில்லை.

மிசூரி மாகாணத்தார் 2024இல் நூற்றுக்கு ஐம்பத்திருவருக்குச் சிறிது குறைந்த வாக்கினால் உரிமையை ஏற்றனர். அடுத்த ஆண்டே அவர்தஞ் சட்டசபை அதனை மீட்டும் 2026இல் வாக்குக்கு விடத் தீர்மானித்தது. வயதுவராதோர்க்குப் பால்மாற்றச் சிகிச்சை செய்வதன் தடையையும் அவ்வொரே வினாவிற் சேர்த்து வைத்தனர். மீட்டுங் கேட்டல் தவறன்று. 1972இன் மிச்சிகன் 2022இற் கேட்கப்பட்டமையும் அத்தகையதே. இரண்டு வினாவுக்கு ஒரு விடை கேட்டலே தவறு. வினாத்தாள் தயாரிக்கும் எம்முள் எவரேனும் அவ்வாறு ஒரு வினா அமைத்தாற் பரீட்சகர் அதனை அடித்துவிடுவர்.

மறுவாரம் அவ்வகுப்புக்குச் சென்று, மிச்சிகனின் இரண்டு ஆண்டையும் இரண்டு எண்ணையுங் கரும்பலகையில் எழுதினேன். முன் எழுதிய இலக்கணத்தில் "சட்டமாதல்" என்னுஞ் சொல்லின் கீழே கோடிட்டு, அச்சொல் "நியாயமாதல்" என்று பொருள்படாது என்றேன். வினாவிய மாணவி சிறிது நேரம் எண்களை நோக்கியிருந்து, "1972இலே தோற்றவர்கள் இந்த ஐம்பது வருஷமும் என்ன செய்தார்கள், ஐயா?" என்றாள். இம்முறை யான் அவளை இருக்கச் சொல்லவில்லை. அப்பாடவேளை முழுவதும் அவ்வினாவிலேயே சென்றது.